காட்டுவாழை இரண்டு வகை கலந்துவிட்டது, எது எது என்று சொல்லுங்கள் (அவசரம்)

ஓடைக்கரை:
வணக்கம். நண்பர் தோட்டத்திலிருந்து இரண்டு காட்டுவாழைக் கன்று கொண்டுவந்து வைத்தேன். ஒன்று அக்யூமினேட்டா, இன்னொன்று பால்பிசியானா என்று சொல்லித்தான் கொடுத்தார். அட்டையில் எழுதிக் கட்டியிருந்தது மழையில் அழிந்துவிட்டது. இப்போது ஒன்று குலை தள்ளிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒன்றை எடுத்தாக வேண்டும். இலைப் படம் போட்டிருக்கிறேன், யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

தேனித் தோட்டம்:
இந்தப் படத்தை வைத்து வாழை என்று மட்டும்தான் சொல்ல முடியும் சார். கன்று எந்த மலையிலிருந்து வந்தது? பூ படம் எங்கே? தண்டு படம்? அப்புறம், ஏன் ஒன்றை எடுக்க வேண்டும்?

மூலிகைக்கூடை:
அடி மட்டும் பருத்திருந்தால் அது கல்வாழை. மலைப்பக்கம் விதையைச் சிறுநீரகக் கல்லுக்குக் கொடுப்பார்கள். வெட்டிவிடாதீர்கள், விதையை எடுத்து வையுங்கள்.

வேர்க்கணக்கு:
"கன்று கொண்டுவந்து வைத்தேன்" என்று தொடக்கத்திலேயே இருக்கிறது. நீங்கள் சொல்லும் கல்வாழை, அதாவது என்செட்டே சூப்பர்பம், பக்கக் கன்றே விடாது. பாறைச் சரிவில் விதை விழுந்து முளைக்கும், கோடையில் இலையெல்லாம் காய்ந்து அடி மட்டும் நிற்கும், ஒருமுறை காய்த்தால் அதோடு சரி. படித்துவிட்டுப் பதில் எழுதினால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

கேட்டவருக்கு: இந்த இரண்டையும் பிரிப்பது 1955-லேயே சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற வாழை ஆராய்ச்சியாளர்கள் இருவரும் வகுத்துக் கொடுத்த கணக்கு. 15 அடையாளம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 15 வந்தால் சுத்த அக்யூமினேட்டா, 75 வந்தால் சுத்த பால்பிசியானா, நடுவில் வருவதெல்லாம் கலப்பு. தேடிப் படியுங்கள்.

தேனித் தோட்டம்:
தேடிப் படிக்க நேரமிருந்தால் அவர் இங்கே ஏன் வரப்போகிறார்.

சார், முதலில் ஒரு இலைக்காம்பைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மேல்பக்கப் பள்ளம் வாய் திறந்து, விளிம்பு நிமிர்ந்தோ வெளியே விரிந்தோ இருந்தால் அக்யூமினேட்டா பக்கம். விளிம்பு உள்ளே மடங்கி மூடிக்கொண்டிருந்தால் பால்பிசியானா. தண்டில் கரும்பழுப்புத் திட்டு நிறைய இருப்பது அக்யூமினேட்டா, மற்றதில் திட்டு அநேகமாக இருக்காது.

குலை தள்ளியதில் பூ மடலைப் பாருங்கள். அக்யூமினேட்டா மடல் திறந்ததும் பாயைச் சுருட்டுவதுபோல் பின்னால் சுருண்டுகொள்ளும். நுனி கூர்மையாக இருக்கும், உள்பக்க நிறம் அடிக்கு வர வர மஞ்சளாக வெளுக்கும். பால்பிசியானா மடல் தூக்கிக்கொண்டு நிற்கும், சுருளாது. நுனி மழுங்கல், உள்ளே அடிவரை ஒரே பளீர்ச் சிவப்பு. குலைக்காம்பைத் தடவினால் வழவழவென்று இருக்கும், மற்றதில் பெரும்பாலும் பூனைமுடி தட்டுப்படும். பிஞ்சு ஒன்றைக் குறுக்கே வெட்டினால் உள்ளறை ஒவ்வொன்றிலும் இரண்டு வரிசையாகச் சீராகச் சூல் (விதையாக மாறும் மணி) அடுக்கியிருந்தால் அக்யூமினேட்டா, தாறுமாறாக நாலு வரிசை என்றால் பால்பிசியானா.

நாமக்கல் நண்பன்:
இதற்கு இத்தனை வேலையா? விதை இருந்தால் காட்டுவாழை, இல்லையென்றால் வீட்டுவாழை. முடிந்தது.

தேனித் தோட்டம்:
அவரிடம் இருக்கிற இரண்டுமே காட்டுவாழை தம்பி, இரண்டிலும் விதை இருக்கும். போகட்டும், எங்கள் கற்பூரவள்ளியில் கூடத்தான் கல் கல்லாக விதை வந்தது. அதைக் காட்டுக்குத் துரத்திவிடலாமா?

நாமக்கல் நண்பன்:
கற்பூரவள்ளியில் விதையா? சின்ன வயதிலிருந்து தின்கிறேன், ஒன்றுகூடப் பல்லில் பட்டதில்லை. வேறு ஏதோ கன்றை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். படம் போடுங்கள் அண்ணா.

வேர்க்கணக்கு:
படமே தேவையில்லை. கற்பூரவள்ளி ஏபிபி, அதாவது ஒரு பங்கு அக்யூமினேட்டா, இரண்டு பங்கு பால்பிசியானா. அருகில் மகரந்தம் தரும் வாழை இருந்தால் விதை கட்டும், இல்லாவிட்டால் கட்டாது. நீங்கள் வாங்கிய தாரெல்லாம் தனித் தோப்பில் விளைந்ததாக இருக்கும்.

நாமக்கல் நண்பன்:
"இருக்கும்" என்றால்? நேரில் பார்த்தீர்களா, இல்லை புத்தகத்திலா?

திருச்சிவாசி:
சண்டை போதும். திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, காட்டுவாழை ரகங்களையும் சேகரித்து வைத்திருக்கிறார்கள். அங்கே காட்டிக் கேட்கலாமே.

ஓடைக்கரை:
தாண்டிக்குடி பக்கத்துக் கன்று. கிணற்றடியில் இடம் இல்லை, இலைக்காகத்தான் வைத்தேன், இலை கெட்டியாக இருப்பது போதும். வெட்டிப் பார்த்தேன், காம்பு மூடியிருக்கிறது. மடல் சுருளவில்லை, உள்ளே அடிவரை சிவப்பு. அப்படியென்றால் குலை தள்ளியது பால்பிசியானா. மற்றதை எடுக்கச் சொல்லிவிட்டேன். நன்றி.

வேர்க்கணக்கு:
மூன்று அடையாளத்தை வைத்து முடிவு கட்டினால் எப்படி? கலப்பாகவும் இருக்கலாம். ஆண்பூவில் இளஞ்சிவப்பு ஓடுகிறதா, மடல் விழுந்த தழும்பு புடைத்திருக்கிறதா, எதையும் சொல்லவில்லை.

தேனித் தோட்டம்:
தாண்டிக்குடியா! முன்னாலேயே சொல்லியிருக்கலாம். கீழ்ப்பழனி மலையில் விருப்பாச்சி மலைவாழையை முடிக்கொத்து என்ற வைரஸ் நோய் படுத்திய பாடு கொஞ்சமில்லை. கன்றோடும் அசுவினிப் பூச்சியோடும் வரும். குருத்திலை சிறுத்து ஒரே கொத்தாக நிமிர்ந்து நிற்கிறதா, காம்பில் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாகத் தெரிகிறதா என்று இரண்டு மரத்திலும் பாருங்கள். அப்படி இருந்தால் கிழங்கோடு தோண்டி அழித்துவிட வேண்டும், யாருக்கும் கன்று கொடுக்காதீர்கள். மற்றதன் காம்பையும் வெட்டிப் பார்த்தீர்களா சார்? அதுவும் பால்பிசியானாவாகவே இருந்துவிடப் போகிறது.

மூலிகைக்கூடை:
விதை கிடைத்தால் எனக்குக் கொஞ்சம் அனுப்புங்கள்.

வேர்க்கணக்கு:
அது கல்வாழை இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன்.

தேனித் தோட்டம்:
ஓடைக்கரை சார், இருக்கிறீர்களா?

நாமக்கல் நண்பன்:
அண்ணா, கற்பூரவள்ளி விதைப் படம் கேட்டேனே, இன்னும் வரவில்லை.