காலை நேர நெருக்கடியைக் குறைக்கும் வீட்டுப் பழக்கங்கள் எவை?

கேள்வி (வில்லாபுரம்):
நானும் கணவரும் வேலைக்குச் செல்பவர்கள். குழந்தைகள் இருவருக்கும் பள்ளி வேன் காலை 7.30 மணிக்கு வந்துவிடும். எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள் அதிகாலையில்தான் குழாயில் தண்ணீர் வருவதால், அன்றைய தினம் தண்ணீர் பிடிப்பது, சமைப்பது, மதிய உணவு கட்டிக் கொடுப்பது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. வேலைக்கு ஆள் வைக்க இயலாத நிலையில், உங்கள் வீட்டில் உண்மையாகவே கைகொடுத்த பழக்கங்களைச் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 (திருநகர்):
சகோதரி, முப்பது ஆண்டுகளாகக் குடும்பம் நடத்துகிறேன்; காலை வேலையில் பாதி முந்தைய இரவிலேயே முடிந்துவிட வேண்டும் என்பதே என் அனுபவம். பாத்திரம் கழுவும் தொட்டியைக் காலியாக வைத்துவிட்டே உறங்கச் செல்வேன். மாவு இருந்தால் கவலையே இல்லை. 4 ஆழாக்கு இட்லி அரிசிக்கு 1 ஆழாக்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் என்று ஞாயிறு காலையில் ஊறவைத்து மாலையில் அரைக்கிறேன். சித்திரை, வைகாசி வெயிலில் ஐந்தாறு மணி நேரத்திலேயே மாவு பொங்கிவிடுவதால், படுக்கும் முன் பார்த்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். மார்கழியில் இரவு முழுவதும் வெளியிலேயே இருக்கலாம். மாவு முழுவதையும் தினமும் வெளியே எடுத்து உள்ளே வைத்தால் விரைவில் புளித்துவிடும் என்பதால், அன்றன்றைக்கு வேண்டிய அளவை மட்டும் சிறு பாத்திரத்தில் எடுத்துக்கொள்வது நல்லது.

பதில் 2 (ஒத்தக்கடை):
எங்கள் வீட்டில் தண்ணீர் பிடிப்பது முழுக்க என் பொறுப்பு. அடுப்படியில் நிற்பவரே குழாயடிக்கும் ஓடும் நிலை இருக்கக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன். தண்ணீர் வரும் நாளுக்கு முந்தைய இரவில் டிரம் ஏறத்தாழ காலியாக இருக்கும். வாரத்திற்கு ஒருமுறை அந்த நேரத்தில் அதன் உட்சுவரை நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவுகிறேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்தை ஒட்டிய ஈரச் சுவரில் முட்டையிடுகிறது. அந்த முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும் என்பதால் தண்ணீரைக் கொட்டிவிடுவது மட்டும் போதாது. முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும் என்பதால்தான் இந்த வாரக் கணக்கு. கழுவி நிரப்பியதும் இறுக்கமாக மூடிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. தண்ணீர் பிடிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்வதாகக் கணவர் கூறியுள்ளார். பள்ளிச் சீருடை, காலுறை தேடுவதில்தான் இன்னும் நேரம் போகிறது.

பதில் 3 (மேலூர்):
ஐந்து நாள் சீருடையையும் ஞாயிறன்றே தேய்த்து, காலுறையோடு சேர்த்து ஒரே அலமாரித் தட்டில், குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். என் மகள் இரண்டாம் வகுப்பிலிருந்தே தானாக எடுத்து உடுத்திக்கொள்கிறாள்.