ட்யூன் செய்த வண்டிக்கு எந்த எண் ஸ்பார்க் பிளக்? எண்ணூர்ப் பக்கம் கண்டவை

"போர்ட்டிங் செய்தாயா, கோல்டு பிளக் போடு." வட சென்னையில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் காதில் விழும் ஆலோசனை இது. போர்ட்டிங் என்றால் சிலிண்டரில் வாயு போய்வரும் துளைகளைப் பெரிதாக்குவது. கோல்டு பிளக் என்றால் முனையின் சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும் ஸ்பார்க் பிளக்; ஹாட் பிளக் அதற்கு எதிர். இந்த அளவுக்குப் பெயர் ஹீட் ரேஞ்ச், பிளக்கின் எண் அதன் படியைச் சொல்லும். எத்தனை படி கோல்டு, வண்டி தினமும் எந்தச் சாலையில் ஓடுகிறது என்று கேட்பவர்கள் குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காசிமேட்டுத் தம்பி ஒருவர் தன் யமஹா ஆர்எக்ஸ் 100-ஐக் கொண்டுவந்தார். போர்ட்டைப் பெரிதாக்கி, சிலிண்டர் ஹெட்டை லேத்தில் சீவி, எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்ற வேகத்துக்கான புகைக்குழாய் மாட்டிய வண்டி. "அண்ணா, விடியற்காலையில் பறக்கிறது. கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் சற்று நேரத்தில் அணைந்துவிடுகிறது" என்றார். கார்புரேட்டரை ஏற்கெனவே வேறொருவர் பிரித்துப் பார்த்தாகிவிட்டதாம். பிளக்கைக் கழற்றினேன். பீங்கான் மூக்கு முழுவதும் ஈரக் கருப்பு. தொட்டால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. தயாரிப்பாளர் சொன்ன எண்ணைவிட இரண்டு படி கோல்டான பிளக் அதில் இருந்தது.

பிளக்கின் முனை ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850-ஐ நெருங்கினால், தீப்பொறி வருவதற்கு முன்பே முனையின் சூடே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே முனையை நிறுத்துவது மட்டுமே ஹீட் ரேஞ்சின் வேலை. கோல்டு பிளக் போட்டால் இஞ்சின் சூடு குறையும் என்று பலர் நம்புகிறார்கள், குறையாது. பீங்கான் மூக்கு குட்டையாக இருப்பதால் முனையின் சூடு ஹெட்டுக்குச் சீக்கிரம் இறங்குகிறது, அவ்வளவுதான். லாரிகளுக்கு நடுவே முதல் கியரில் ஊர்ந்தால் அந்த முனை 450-ஐத் தொடுவதே இல்லை. தம்பியின் வண்டிக்கு ஒரு படி மட்டும் கோல்டு வைத்தோம். இப்போது திருவொற்றியூர் நெரிசலிலும் அணையாமல் ஓடுகிறது.

வியாசர்பாடியில் பார்த்தது இதற்கு நேர் எதிர். கம்ப்ரஷன் ஏற்றிய நான்கு ஸ்ட்ரோக் வண்டி. அதில் இருந்தது பாஷ் நிறுவனத்தின் ஐந்தாம் எண் பிளக். கோல்டு வேண்டும் என்று அதன் உரிமையாளர் கடையில் ஏழாம் எண் பாஷ் கேட்டு வாங்கியிருக்கிறார். ஆனால் எண்ணின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் ஏற ஏறக் கோல்டு. பாஷிலும் சாம்பியனிலும் எண் ஏற ஏற ஹாட். மனிதர் நல்ல எண்ணத்தில் ஹாட் பிளக்கைப் பூட்டி, மேட்டில் முழு த்ராட்டில் கொடுத்து ஓட்டியிருக்கிறார். கழற்றிய பிளக்கின் பீங்கான் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அதன் மேல் மிளகைவிடச் சிறிய பளபளப்பான புள்ளிகள். அவை பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம். அந்தப் புள்ளிகளைப் பார்த்த பிறகு யாரும் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். பிளக் வெளுத்திருந்தால் முதலில் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டையும், தீப்பொறி விழும் நேரமான டைமிங்கையும் சரிபாருங்கள். பெட்ரோல் குறைவாகப் போகும் வண்டியில் கோல்டு பிளக்கைப் போட்டால் பிளக் தப்பிக்கும், பிஸ்டன் தப்பிக்காது. டைமிங்கைக் கிராங்க் சுழற்சியில் பத்து டிகிரி முன்னே தள்ளினாலே முனையின் சூடு 70 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை ஏறும்; ஏறக்குறைய பிளக்கில் ஒரு படிக்குச் சமம்.

சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்து மெக்கானிக் ஒருவரிடம் நான் தொழில் பழகினேன். இஞ்சினைச் சூடேற்ற ஒரு ஹாட் பிளக், ஓடும் முன் மாற்றக் கோல்டு பிளக் என்று இரண்டைத் துணியில் சுற்றி வைத்திருப்பார். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு வண்டி கொண்டுபோகிறவர்களுக்கு அதே வழிதான் சரி. தினமும் மணலிக்கு வேலைக்குப் போகும் வண்டிக்குப் பந்தய பிளக் எதற்கு?

இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் கார்புரேட்டர் வண்டிகளில் எரியத் தேவையானதைவிடக் காற்று கூடி, கலவை இன்னும் மெலிகிறது. பீங்கானின் நிறமும் முன்பைவிட வெளுப்பாகவே தெரிகிறது. மாதவரம், செங்குன்றம் பக்கம் மெயின் ஜெட்டைப் பெரிதாக மாற்றியவர்கள் இருந்தால், எந்த எண் பிளக்கில், எந்த நிறம் கிடைத்தது என்று எழுதுங்கள்.