மறு: க்ளோஸ்-அப் லென்ஸ்: அண்மை வில்லையா, அணிவில்லையா?

வணக்கம் ஐயா,

> க்ளோஸ்-அப் லென்ஸ் என்றால் அண்மை வில்லை. எல்லோருக்கும் புரியும், இதற்கு மேல் எதற்கு யோசனை?

நம் அகராதிக்குப் பெயர் தேடும் இது, கேமரா லென்ஸின் முன்னால் திருகி, அருகில் இருப்பதைப் பெரிதாக எடுக்க உதவும் கண்ணாடி. தனியாகப் பார்த்தால் அண்மை வில்லை சரிதான். மேக்ரோ லென்ஸ் கூட வரும்போதுதான் சிக்கல். அதுவும் அருகில் இருப்பதை எடுக்கவே செய்தது; அண்மை வில்லை என்ற பெயர் அதற்குத்தான் முதலில் பொருந்தும். ஈயின் கண்ணைப் படமெடுப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே மாட்டுகிறார்கள். "அண்மை வில்லையின் முன் அண்மை வில்லையைத் திருகவும்" என்று எழுதினால் படிப்பவர் எதை எதில் திருகுவார்?

'வடிகட்டி' என்ற பெயரையும் விட்டுவிடலாம். லென்ஸின் முகப்பில் ஃபில்டருக்கென்று உள்ள மரையில் மாட்டுகிறோமே தவிர, அது எதையும் வடிகட்டுவதில்லை.

அது செய்யும் வேலையைப் பார்ப்போம். அது ஒரு குவிவில்லை. வெள்ளெழுத்துக் கண்ணாடி போலவே இதன் திறனையும் டயாப்டரில் சொல்கிறோம். 4 டயாப்டர் என்றால் குவியத் தூரம் 250 மி.மீ. 100 மி.மீ. லென்ஸை முடிவிலியில் (மிகத் தொலைவுக்குக் குவித்து) வைத்து இதை மாட்டினால், 250 மி.மீ. தள்ளி இருக்கும் பொருள்தான் தெளிவாக விழும். உருப்பெருக்கம் 100/250, அதாவது 0.4. அதே லென்ஸ் மேக்ரோவாக இருந்து, 1:1 வரை (பொருளின் அசல் அளவிலேயே உரு விழும்வரை) திருகி வைத்திருந்தால் அந்த 0.4 இரண்டு மடங்காகச் சேர்கிறது: 1 + 0.8 = 1.8. 8 டயாப்டர் கொண்ட ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்ற க்ளோஸ்-அப் லென்ஸைப் போட்டால் கணக்குப்படி 2.6. கையில் கிடைப்பது இதைவிடக் குறைவுதான், ஏனென்றால் இன்றைய மேக்ரோ லென்ஸ்கள் பல, அருகே குவிக்கும்போது தம் குவியத் தூரத்தையே சுருக்கிக்கொள்கின்றன. ஆனாலும் கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே மாட்டும் நீட்சிக் குழாய் போல க்ளோஸ்-அப் லென்ஸ் ஒளியைத் தின்பதில்லை, அது பெரிய வசதி. (தெளிவாக விழும் ஆழம் மட்டும் மயிரிழையாகிவிடும். அதற்குப் பெயர் வைப்பதை இன்னொரு நாள் பார்ப்போம்.)

ஆக, லென்ஸ் அணியும் கண்ணாடி இது. அதனால் 'அணிவில்லை' என்கிறேன். "4 டயாப்டர் அணிவில்லை", "அணிவில்லையைக் கழற்றிவிட்டு எடுத்தேன்" என்றெல்லாம் வாயில் தடங்கலில்லாமல் வருகிறது. 'முன்வில்லை' என்றால் லென்ஸுக்குள்ளேயே முன்னால் இருக்கும் கண்ணாடியைக் குறிப்பதாகப் படும். 'ஒட்டுவில்லை' கண்ணில் ஒட்டும் கான்டாக்ட் லென்ஸை நினைவூட்டும். 'துணைவில்லை' லென்ஸின் பின்னால் மாட்டி உருவைப் பெரிதாக்கும் டெலிகன்வர்ட்டருக்கும் பொருந்திவிடுகிறது.

அப்புறம், அக்ரோமேட் வகை. ஒற்றைக் கண்ணாடியில் செய்த மலிவானவற்றில், வெளிச்சமான விளிம்புகளில் ஊதாவும் பச்சையும் கசியும். வேறு வேறு வகைக் கண்ணாடிகள் இரண்டைச் சேர்த்து இந்த நிறப்பிறழ்ச்சியைக் குறைக்கிறார்கள். கேனனின் 500டி, 250டி என்ற க்ளோஸ்-அப் லென்ஸ்கள் (அதே பெயருள்ள கேமராக்கள் அல்ல) இரண்டும் அப்படித்தான். இதற்கு 'இரட்டை அணிவில்லை' என்று நம் குழுவில் ஒரு தங்கை எழுதியிருந்தார். நல்ல சொல், ஆனால் +2, +4 என்று இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகுபவரும் அதையே சொல்வாரே! அந்த அடுக்குக்கு 'இரட்டை'யை விட்டுவிட்டு, இதை 'நிறம்பிரியா அணிவில்லை' என்று வைக்கலாமா? கொஞ்சம் நீளம்தான். சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

எது முடிவானாலும், அகராதிப் பதிவில் 'க்ளோஸ்-அப் லென்ஸ்' என்பதையும் கூடவே போட்டுவிடுவோம். தேடுபவர் முதலில் தட்டுவது அதைத்தான்.