கலைஞர் காலத்துச் சட்டம் எதையாவது நேருக்கு நேர் சந்தித்திருக்கிறீர்களா?

வக்கீல் குமாஸ்தா (ஓய்வு)

1957-இல் குளித்தலையில் தொடங்கி 2016-இல் திருவாரூர் வரை, சட்டப்பேரவைத் தேர்தலில் 13 முறை நின்று 13 முறையும் வென்றவர் மு. கருணாநிதி. 2018 ஆகஸ்ட் 7 அன்று மறைந்தபோதும் அவர் பேரவை உறுப்பினர்தான். வசனம், மேடைப் பேச்சு, கட்சி, குடும்பம் எல்லாவற்றையும் பேசிப் பேசிச் சலித்துவிட்டோம். சட்டம் இயற்றவென்று மக்கள் அனுப்பிய அவைக்கு இத்தனை காலம் போய்வந்தவரின் சட்டக் கணக்கை மட்டும் யாரும் புரட்டுவதில்லை.

நான் 34 ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாகக் கட்டுத் தூக்கியவன். புதுச் சட்டம் கைக்கு வந்தால் தலைப்பைக்கூட அப்புறம்தான் பார்ப்பேன். எந்தத் தேதியிலிருந்து அமல் என்பதைத்தான் முதலில் தேடுவேன். தேதிக்கு இந்தப் பக்கம் இருக்கிற கட்சிக்காரர் காபி வாங்கிக் கொடுப்பார். அந்தப் பக்கம் இருக்கிறவர் ‘ஏதாவது வழி உண்டா?’ என்று வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்.

வாழ்க கோஷமும் வேண்டாம், வசையும் வேண்டாம். அவர் ஆட்சியில் வந்த ஒரு சட்டம் உங்கள் வீட்டு வாசலில் எப்படி வந்து நின்றது என்பதை மட்டும் எழுதுங்கள்.

இளைய மகள்

1989 மார்ச் 25 என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது, நிதிநிலை அறிக்கை நாளில் பேரவையில் நடந்த அமளிதான். எங்கள் வீட்டில் அந்தத் தேதிக்கு வேறு பொருள். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு செய்த திருத்தம் அன்றிலிருந்துதான் அமல். பூர்வீகச் சொத்தில் மகனுக்கு உள்ள பிறப்புரிமை மகளுக்கும் உண்டு என்று சொல்லும் 29-அ பிரிவு அந்தத் திருத்தத்தில் வந்தது. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் போட்ட தீர்மானம் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. மத்தியச் சட்டத்தில் இந்த மாற்றம் வந்தது 2005-இல்தான்.

இதெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதே பிரிவில் ஒரு சின்ன வரி இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன்பே திருமணமான மகளுக்கு இது பொருந்தாது.

1996-இல் அப்பா பாகப்பிரிவினை செய்ய முடிவெடுத்தார். பத்திரம் எழுதுகிறவர் வீட்டுக்கே வந்தார். பாயை விரித்து உட்கார்ந்து, சர்வே எண்களைக் குறித்துக்கொண்டு, அக்காவைப் பார்த்து, “உங்களுக்குக் கல்யாணம் எந்த வருஷம், அம்மா?” என்று கேட்டார். அக்கா சொல்வதற்குள் அம்மா பீரோவைத் திறந்து பத்திரிகையையே எடுத்து வந்துவிட்டாள். மஞ்சள் தடவிய மூலை கறுத்துப்போயிருந்தது. ‘விபவ வருடம் தை மாதம்’. அவர் விரல்விட்டு எண்ணினார். இரண்டு மாத இடைவெளி. பேனாவை மூடிக்கொண்டு, “பெரியவருக்கு வராது, சின்னவருக்கு உண்டு” என்றார், ரேஷன் கடையில் சொல்வதுபோல.

எனக்குத் திருமணம் 1993-இல். ஒரே வயிற்றில் பிறந்தோம், ஒரே தட்டில் சாப்பிட்டோம். எனக்கு 40 சென்ட் வந்தது. அக்காவுக்கு ஒன்றும் இல்லை. என் பங்கில் பாதியை எழுதித் தருகிறேன் என்று சொன்னேன், அவள் வாங்கவில்லை. கிணறு யார் பங்கில் வருகிறது என்று மட்டும் கேட்டாள்.

2005-இல் மத்தியத் திருத்தம் வந்து, கல்யாணத் தேதியைப் பார்க்கவேண்டியதில்லை என்று ஆனபோது அக்கா வீட்டுக்காரர் ஒரு வக்கீலிடம் போனார். 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையைத் தொட முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அக்காவைக் கடந்து இரண்டு தேதிகள் போய்விட்டன.

பத்திரிகையாளர் மாடம்

நல்ல பகிர்வு. ஆனால் அடிப்படையில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ‘அவருடைய சட்டம்’ என்று எதைச் சொல்கிறீர்கள்?

கோட்டையில் மாடத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவன் நான். சட்டமுன்வடிவைக் கொண்டுவருவது அந்தந்தத் துறை அமைச்சர். வாசகத்தை வடிப்பது சட்டத் துறை. கூட்டத் தொடரின் கடைசி நாள்களில் முன்வடிவுகள் கட்டுக்கட்டாக வரும். ‘ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க’ என்று பேரவைத் தலைவர் சொல்லும் வேகத்துக்கு என் பேனா ஓடாது. ஒரு பிரிவு என்ன சொல்கிறது என்று நான் புரட்டுவதற்குள் மூன்று பிரிவுகள் சட்டத்தின் பகுதியாகியிருக்கும். எந்தக் கட்சி ஆண்டாலும் இதே கதைதான்.

இன்னொன்று. அவர் முதலமைச்சராக இருந்தது ஐந்து முறை, கூட்டினால் சுமார் 19 ஆண்டுகள். மீதிக் காலத்தில் பெரும்பகுதி எதிர்வரிசை. எதிர்வரிசையில் இருப்பவர் சட்டம் கொண்டுவந்து நிறைவேற்றுவது நடைமுறையில் இல்லை. நாடாளுமன்றத்திலேயே தனிநபர் மசோதாவாக வந்து சட்டமானவை மொத்தம் 14, அதில் கடைசி 1970-இல். 1977-க்குப் பிறகு எதிர்க்கட்சித் தலைவராக அவர் கையில் இருந்தவை கேள்வி நேரம், வெட்டுத் தீர்மானம், கவன ஈர்ப்பு, வெளிநடப்பு. 1983-இல் இலங்கைத் தமிழர் பிரச்சினைக்காக உறுப்பினர் பதவியையே துறந்தார். பிறகு மேலவைக்குப் போனார், 1986-இல் மேலவையே கலைக்கப்பட்டது. 1991-இல் துறைமுகத்தில் வென்றும் விலகிவிட்டார். 13 வெற்றி என்ற எண்ணுக்குள் இத்தனை இடைவெளி இருக்கிறது.

வக்கீல் குமாஸ்தா (ஓய்வு)

ஒப்புக்கொள்கிறேன். முதலமைச்சராக இருந்த காலத்துச் சட்டங்கள் என்றே வைத்துக்கொள்வோம். கையெழுத்து யாருடையது என்று சண்டை போட்டால் ஊர் வந்து சேரமாட்டோம்.

மாலை மட்டும்

அப்படியென்றால் என் கதை கணக்கில் வருமா தெரியவில்லை. அப்பா அம்மாவுக்கு 1961-இல் சுயமரியாதைத் திருமணம். தாலி இல்லை, ஐயர் இல்லை, இரண்டு மாலை, ஒரு சொற்பொழிவு. அப்படிப்பட்ட திருமணம் சட்டப்படி செல்லாது என்று உயர் நீதிமன்றம் 1950-களிலேயே சொல்லியிருந்தது. நான் 1964-இல் பிறந்தேன். அண்ணா ஆட்சியில் 1967-இல் நிறைவேறிய, இந்து திருமணச் சட்டத்தின் 7-அ பிரிவு, முன்பு நடந்த திருமணங்களையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. ஆக, என் பெற்றோருக்குச் சட்டப்படி திருமணம் நடந்தபோது நான் நன்றாக ஓடி விளையாடிக்கொண்டிருந்தேன். அப்பா இதை வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சிரிப்பார், அம்மாவுக்குப் பிடிக்காது.

கலைஞர் அப்போது பொதுப்பணித் துறை அமைச்சர். அதனால் அவர் கணக்கில் எழுத வேண்டாம், அண்ணாவின் கணக்கிலேயே இருக்கட்டும்.

வாய்க்கால் தெரு

நான் கீழத்தஞ்சைக்காரன். 1957-இல் பேரவையில் அவருடைய கன்னிப் பேச்சே நங்கவரம் விவசாயிகள் பிரச்சினை பற்றியது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் கதை அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்துத் தொடங்குகிறது.

தாத்தா பண்ணையாள். குடிசை நின்ற மண் பண்ணையாருடையது. கூலி பற்றி வாயைத் திறந்தால் மறுநாள் பதில் கூலியைப் பற்றி வராது. ‘மனைக்கட்டைக் காலி செய்’ என்று வரும். கீற்றைப் பிரித்து, மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போக வேண்டியதுதான். பாட்டி மூன்று முறை அப்படிப் போயிருக்கிறாள். மூன்றாவது முறை அடுப்புக் கல்லையும் தூக்கிக்கொண்டு போனதாகச் சொல்வாள், ‘திரும்பவும் போட வேண்டுமே, நல்ல கல்’ என்று.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு கீழத்தஞ்சைக்கென்று விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971-இல் குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு உரிமை வழங்கும் சட்டம், அந்த ஆண்டின் 40-ஆம் சட்டம். குடிசை நிற்கிற மனை, குடியிருக்கிற தொழிலாளிக்கே சொந்தம்.

கூலிச் சட்டம் நாங்கள் கண்ணால் பார்த்த பொருள் இல்லை. அது மரக்கால் அளவில் கூடிக் குறைந்து போய்விடும். மனைச் சட்டம் காகிதமாக வந்தது. தகரப் பெட்டியில், தாத்தாவின் ஒரே வெள்ளை வேட்டிக்கு அடியில் அந்தக் காகிதம் கிடந்தது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்து காகிதம் ஈரமாகிறதா என்று தொட்டுப் பார்ப்பார், மூடிவிடுவார். அந்த வருடமே அவர் செய்த முதல் வேலை, குடிசைக்கு முன் ஒரு தென்னம்பிள்ளை வைத்தது. அடுத்தவன் மண்ணில் யாரும் தென்னை வைக்கமாட்டார்கள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். நில உச்சவரம்பை 30 தர ஏக்கரிலிருந்து (மண்ணின் தரத்தைப் பார்த்துக் கணக்கிடும் ஏக்கர்) 15 ஆகக் குறைத்த 1970-ஆம் ஆண்டுச் சட்டமும் அதே ஆட்சியில் வந்ததுதான். அதில் எங்கள் தெருவுக்கு ஒரு குழி நிலம்கூட வரவில்லை. நிலம் பெயர் மாறியது, ஆள் மாறவில்லை. பண்ணையில் கணக்கெழுதியவர், வண்டி ஓட்டியவர் பெயரிலெல்லாம் பட்டா இருந்தது. பாவம், அவர்களுக்கே அது தெரியாது.

நுழைவுத்தேர்வு வாத்தியார்

எல்லோரும் லாபம் பெற்ற கதையாக எழுதுகிறீர்கள். நான் நஷ்டப்பட்டவன், என்னையும் கேளுங்கள்.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் இயற்பியல் டியூஷன் நடத்தினேன். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து பொறியியல், மருத்துவ நுழைவுத்தேர்வுக்குப் பயிற்சி. மற்றவர்களுக்குத் தை மாதம் அறுவடை என்றால் எனக்கு ஏப்ரல், மே. மாடியில் கூரை போட்டு, வாடகை நாற்காலி போட்டு, ஒரு நாளைக்கு நான்கு வகுப்பு. 2006 டிசம்பரில் நுழைவுத்தேர்வை நீக்கும் முன்வடிவு நிறைவேறியபோது நான் கவலைப்படவில்லை. முந்தைய ஆட்சியிலும் முயன்று நீதிமன்றத்தில் நிற்காமல் போன விஷயம்தானே என்று அடுத்த பருவத்துக்குத் துண்டறிக்கைகூட அச்சடித்துவிட்டேன். 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்துவிட்டது. துண்டறிக்கையின் பின்பக்கத்தில் என் பிள்ளைகள் ஐந்து வருடம் கணக்குப் போட்டார்கள்.

வயிற்றெரிச்சலை ஒதுக்கி வைத்துச் சொன்னால், சட்டம் தன் வேலையைச் செய்தது. அந்த ஜூலையில் என்னிடம் படிக்காத, படிக்கக் காசில்லாத கிராமத்துப் பையன்கள் மதிப்பெண் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு கலந்தாய்வுக்குப் போனதைப் பார்த்தேன். போட்டி அங்கிருந்து இடம் மாறிப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கென்றே நடத்துகிற விடுதிப் பள்ளிகளுக்குப் போனது வேறு கதை. மருத்துவத்துக்கு 2017-இல் நீட் வந்ததும் பக்கத்துத் தெருவில் ஒருவர் மாடியில் கூரை போட்டார். எனக்கு வயதாகிவிட்டது.

எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே பொதுப் பாடத்திட்டம் என்ற சமச்சீர் கல்விச் சட்டம், 2010. நான் ஆசிரியை. 2011-இல் ஆட்சி மாறியது. எல்லா வகுப்புக்கும் வரவேண்டிய பொதுப் புத்தகங்கள் அச்சாகி வந்து கட்டாகக் கிடந்தன, கொடுக்கக் கூடாது என்றார்கள். ஜூன் நடுவில் பள்ளி திறந்தோம். ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை என் வகுப்பில் 52 பிள்ளைகளும் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். வாய்ப்பாடு, நீதிக் கதை, வரைபடத்தில் ஊர் கண்டுபிடிப்பது, பிறகு மறுபடி வாய்ப்பாடு. ஒரு பையன் “மிஸ், பத்தொன்பதாம் வாய்ப்பாடு வரை வந்துவிட்டோம்” என்று கவலையோடு சொன்னான்.

புத்தகம் கைக்கு வந்தபோது சில பக்கங்களின் மேல் தாள் ஒட்டியிருந்தது. கலைஞர் எழுதிய வரிகளை மறைக்க. ஒட்டாமல் விட்டிருந்தால் ஒருவரும் அந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். ஒட்டியதால், முதல் பாடம் தொடங்குமுன் வகுப்பு முழுவதும் எச்சில் தொட்டுச் சுரண்டியது. கிழியாமல் உரிப்பது எப்படி என்று பின்வரிசைப் பெண் ஒருத்தி கண்டுபிடித்தாள்: ஈரத் துணியை ஐந்து நிமிடம் போட்டு வைத்து, மூலையிலிருந்து மெதுவாக. ஆசிரியர் அறையில் நாங்களும் அதே முறையில் உரித்தோம் என்பதை இப்போது சொல்லிவிடலாம்.

தீபத்தட்டு

சுருக்கமாக. கோயில்களில் பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கிய திருத்தம், 1971-இன் 2-ஆம் சட்டம். 1972-இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம், நியமனத்தில் பரம்பரை உரிமையை நீக்கியது செல்லும், ஆனால் கோயில் வழிபாட்டு விதிகளான ஆகமத்தை மீறக் கூடாது என்றது. 2006-இல் கலைஞர் மறுபடி ஆட்சிக்கு வந்ததும், எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று அரசாணை, பயிற்சிப் பள்ளிகள். என் அத்தை மகன் அங்கே ஓராண்டு படித்தான். இருநூற்றுக்கும் மேற்பட்டோர் படித்தார்கள். வழக்கு, காத்திருப்பு. 2021 ஆகஸ்ட் 14 அன்று சிலருக்கு நியமன ஆணை கிடைத்தது. அவன் பெயர் அதில் இல்லை. அதற்குள் அவன் பால் வியாபாரத்தில் இறங்கியிருந்தான். மந்திரம் இன்னும் மறக்கவில்லை, அதிகாலையில் கேனைக் கழுவும்போது முணுமுணுப்பான்.

வக்கீல் குமாஸ்தா (ஓய்வு)

இளைய மகளுக்கு ஒரு கேள்வி. தொழில் புத்தி, மன்னிக்கவும். கடைசியில் கிணறு யார் பங்கில் வந்தது?

இளைய மகள்

அண்ணன் பங்கில். தண்ணீர்ப் பாத்தியம் எனக்கும் உண்டு என்று எழுதியிருக்கிறது. மோட்டார் 2003-இல் எரிந்துபோய், அக்கா வீட்டுக்காரர்தான் காயில் கட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.