10 மாதப் பிள்ளைக்கு நிறை ஏறவில்லை, தாய்ப்பாலை மறக்கடிக்கவா?

பரந்தன் தாய்:
மகளுக்கு 10 மாதம். 6 மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், நிறையும் நன்றாக ஏறியது. இப்போது கிளினிக் கார்ட்டில் கோடு ஏறாமல் படுத்துக் கிடக்கிறது. மாமி, "உன்ர பாலில சத்தில்லை, வேப்பெண்ணெய் பூசி மறக்கடிச்சுப்போட்டுப் பால்மாவைக் குடு" என்கிறார். காலையும் பின்னேரமும் அரிசிக் கஞ்சியை வடித்துப் போத்தலில் கொடுக்கிறேன், இடையில் தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட். பாலை நிறுத்தினால் சாப்பிடுவாளா? எனக்கு வேலைக்கும் திரும்ப வேண்டும்.

துணுக்காய் அக்கா:
தங்கச்சி, தயவுசெய்து பாலை நிறுத்த வேண்டாம். ஒரு வயது வரைக்கும் பிள்ளைக்கு வேண்டிய சக்தியில் பாதியோ அதற்கு மேலோ தாய்ப்பாலிலிருந்து கிடைக்கும், 2 வயது வரைக்கும்கூட மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும். உங்கள் பாலில் குறையில்லை, கஞ்சியில்தான் குறை. வடித்த கஞ்சி முக்கால்வாசி தண்ணீர், அந்தச் சின்ன வயிறு அதிலேயே நிரம்பிவிடும். சோறும் பருப்பும் குழைய அவித்து, கரண்டியைச் சரித்தாலும் உடனே வழியாத தடிப்பில் மசித்து, கொஞ்சம் தேங்காய்ப்பாலோ நல்லெண்ணெயோ விட்டு ஊட்டுங்கள். இந்த வயதுக்கு 3, 4 தரம் சாப்பாடு, இடையில் வாழைப்பழம், பப்பாப்பழம். முதலில் துப்புவாள், விடாமல் திரும்பத் திரும்பக் கொடுங்கள். போத்தல் வேண்டாம், அதன் சூப்பியைச் சுத்தமாக வைத்திருப்பது கஷ்டம், வயிற்றோட்டம் வந்தால் இருக்கிற நிறையும் போய்விடும்.

முல்லைக்கரை:
அக்கா சொன்னது சரி, ஆனால் மீனை விட்டுவிட்டார். பிறக்கும்போது உடம்பில் இருக்கும் இரும்புச்சத்து 6 மாதமளவில் தீரத் தொடங்கும், தாய்ப்பாலில் அது குறைவு. அதனால் மீன், முட்டை, ஈரல் கட்டாயம் வேண்டும். குளத்து விராலை அவித்து முள்ளைக் கவனமாக எடுத்து சோற்றோடு பிசையுங்கள். முருங்கையிலை கொடுத்தால் இரண்டு துளி தேசிப்புளி விடுங்கள், இரும்பு நன்றாக உடம்பில் சேரும். தேத்தண்ணி அதற்கு நேர் எதிர், இரும்பைச் சேரவிடாது. பிள்ளைக்குத் தேத்தண்ணியே வேண்டாம்.

கேப்பாப்புலவு அம்மம்மா:
மாமியோடு சண்டை பிடிக்காதே பிள்ளை. 2009இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணியும் உப்பும் போட்ட கஞ்சிதான் எங்கள் குஞ்சுகளின் உயிரைப் பிடித்து வைத்தது, அதைக் கண்டவர்களுக்குக் கஞ்சி மேல் ஒரு நம்பிக்கை இருக்கத்தான் செய்யும். ஆனால் அது வேறு வழியில்லாத நாளின் சாப்பாடு. இப்போது வீட்டில் பயறு இருக்கு, குரக்கன் இருக்கு, கோழி முட்டையிடுது. மாமியையே ஊட்டச் சொல், கோடு ஏறுவதைப் பார்த்தால் அவரே நம்புவார்.

பரந்தன் தாய்:
நன்றி எல்லோருக்கும். அம்மம்மா சொன்னபடி மாமியிடமே கதைக்கிறேன். வேலைக்குப் போனால் பாலுக்கு என்ன செய்வது?

துணுக்காய் அக்கா:
பாலைக் கையால் பீய்ச்சி, மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில் பிரிட்ஜில் வைத்தால் 4 நாள் வரை இருக்கும். வெளியே 4 மணித்தியாலம் என்பது 25 பாகைச் சூட்டுக்குச் சொன்ன கணக்கு, எங்கள் வெயிலுக்கு அதை நம்பக் கூடாது. மாமி கோப்பையால் அல்லது கரண்டியால் பருக்கட்டும். நீங்கள் வந்ததும், இரவிலும் நேரே கொடுங்கள். அப்புறம், அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் இந்தக் கிழமையே குடும்பநல மாதுவிடம் கார்ட்டைக் காட்டுங்கள், கோடு படுத்ததற்குச் சளி, கிருமி என்று வேறு காரணமும் இருக்கலாம். கிளினிக்கில் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷா கிடைக்குமா என்றும் கேளுங்கள்.