கும்பகோணம் பக்கம் கிளைம்பிங் ஷூவுக்கு சோல் மாற்றித் தருபவர் யாராவது உண்டா?

அரசலாற்றங்கரை:

வணக்கம். ஆறு வருடம் பெங்களூரில் இருந்துவிட்டு இந்த ஆனியில் கும்பகோணத்துக்கே திரும்பி வந்துவிட்டேன். வேலை வீட்டிலிருந்தே. பாறை ஏறுகிற பழக்கமும் கூடவே வந்துவிட்டது. இங்கே ஏற என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். சுவாமிமலையே கட்டுமலைதான், அறுபது படி. அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாதாமிக்கோ ஹம்பிக்கோ ரயில் ஏறுகிறேன்.

இப்போது ஷூதான் தொல்லை. வலது கால் பெருவிரல் பக்கம் சோல் தேய்ந்து விளிம்பு உருண்டுவிட்டது. வெளியிலிருந்து அழுத்தினால் உள்ளே நகம் தட்டுப்படுகிறது. ஓட்டை இன்னும் விழவில்லை. மேல்பாகம் நன்றாகவே இருக்கிறது, தூக்கிப் போட மனசில்லை. புது ஜோடிக்குக் கொடுக்கும் காசில் இரண்டு தடவை பாதாமி போய் வந்துவிடலாம். போன முறை ஒரு வெளியூர்க் கடைக்கு அனுப்பி இரண்டரை மாதம் காத்துக் கிடந்தேன்.

பேருந்து நிலையம் பக்கம் செருப்பு தைக்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உங்க காலுக்குத்தானா தம்பி? ரெண்டு சைஸ் சின்னதா இருக்கே" என்றார். டயர் சோல் வைத்து சுற்றிலும் தையல் போட்டுத் தருகிறேன், இருநூறு ரூபாய், இரண்டு வருஷத்துக்கு அசையாது என்றார். பயந்துபோய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கும்பகோணம், தஞ்சாவூர், போனால் திருச்சி வரைக்கும் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?

மதிலழகு:

தென்னை ஏறுகிறவர்கள் எந்தக் கடையில் சோல் மாற்றுகிறார்கள் என்று விசாரித்துச் சொல்கிறேன்.

குடமுருட்டி:

கிண்டல் இருக்கட்டும் மன்னார்குடிக்காரரே. தம்பி, நீங்கள் அந்தப் பெரியவரிடமே திரும்பப் போங்கள். பழைய அடியைப் பிரிப்பது, ராவுவது, அளவு வெட்டுவது, ஒட்டி அடிப்பது எல்லாம் அவர் தினமும் செய்கிற வேலை. அவரிடம் இல்லாதது அந்த ரப்பர் ஒன்றுதான். அதை நீங்கள் வாங்கிக் கொடுங்கள்.

டயர் சோல் என்றதும் முகம் சுளித்திருப்பீர்கள். ஷூவின் அடியில் மஞ்சள் எண்கோணத்துக்குள் விப்ரம் என்று இருக்கிறதா பாருங்கள். விதாலே பிரமானி என்ற இத்தாலிய மலையேறியின் பெயரைச் சுருக்கி வைத்தது அது. 1935-இல் ஒரு மலையேற்றத்தில் தன்னுடன் வந்தவர்களில் ஆறு பேரைப் பறிகொடுத்தவர். அப்புறம்தான் பிடிமானமுள்ள ரப்பர் அடியில் இறங்கி 1937-இல் கொண்டுவந்தார். அதற்குப் பணம் போட்டது பிரெல்லி, டயர் கம்பெனி. ஆக உங்கள் பெரியவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது!

ஆனால் லாரி டயர் தேயாமல் ஓடுவதற்குச் செய்த ரப்பர். உங்களுக்கு வேண்டியது பாறையைக் கவ்வுகிற ரப்பர், கவ்வக் கவ்வத் தேயத்தான் செய்யும். சோல் மாற்றுவதற்கென்றே தகடாக விற்கிறார்கள். 4 மி.மீ. கனம் வாங்குங்கள். முன்பாதிக்கு மட்டும் போதும், குதிகால் பக்கம் தேய்ந்திருக்காது.

அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியது: தையலும் வேண்டாம், ஆணியும் வேண்டாம். தையல் இல்லாமல் ஒரு வேலையைக் கையில் கொடுக்க அவருக்கு மனசே வராது, ஆனாலும் விடாதீர்கள். விரலைச் சுற்றி மேலே ஏறி வருகிற மெல்லிய ரப்பர்ப் பட்டை இருக்கிறதே, ரேண்ட் என்பார்கள், குத்தூசி அதில் இறங்கினால் அந்த ஓட்டையிலிருந்தே கிழிய ஆரம்பிக்கும். ராவும்போதும் அதில் கை படக்கூடாது. உங்களுக்கு ரேண்ட் இன்னும் தேயவில்லை போலிருக்கிறது. நல்ல நேரத்தில் கேட்டீர்கள். அதிலும் ஓட்டை விழுந்திருந்தால் வேலை இரட்டிப்பு.

ஷூ தட்டையா, இல்லை வாழைப்பழம் மாதிரி முன்னால் வளைந்ததா?

அரசலாற்றங்கரை:

நன்றி அண்ணா. கொஞ்சம் வளைந்ததுதான். அவரிடம் இருப்பது தட்டையான இரும்புக் கால். அதில் மாட்டி அடித்தால் வளைவு போய்விடாதா?

வெண்ணாறு:

போய்விடும். ஷூவுக்குள் மாட்டி அடிக்கிற கால் வடிவக் கட்டை, அந்த வளைவுக்கேற்றது, இங்கே எவரிடமும் இருக்காது. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிகளிடம் கட்டை உண்டு, ஆனால் அது அவர்கள் செய்கிற ஷூவுக்கானது.

எங்கள் அப்பா தஞ்சாவூரில் முப்பது வருஷம் செருப்புக் கடை வைத்திருந்தார். கோணலான ஜோடு எது வந்தாலும் அவர் செய்வது: பழைய காலுறையை உள்ளே விட்டு, அதில் மணலைக் குத்திக் குத்தி நிரப்பி, வாயை இறுக்கிக் கட்டிவிடுவார். கல் மாதிரி ஆகிவிடும், ஷூவின் வடிவமும் மாறாது. சுத்தியலால் தட்டினால் தாங்கும். மணலில் சொட்டு ஈரம் இருக்கக்கூடாது. காவிரி மணலுக்கு இப்போது எங்கே போவது என்று கேட்பீர்கள். கடலை வண்டிக்காரரிடம் இரண்டு ஆழாக்கு கேளுங்கள். சலித்து, வறுபட்டு, பொடிப்பொடியாக இருக்கும்.

அப்புறம் சொல்யூஷன். தடவின சூட்டில் ஒட்டுகிற பசை இல்லை தம்பி இது. ரப்பர், ஷூ இரண்டையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கித் துடைத்துவிட்டு, இரண்டிலும் மெல்லிசாகத் தடவிக் காயவிட வேண்டும். முதல் பூச்சு உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டாவது பூச்சும் காய்ந்து, விரல் முட்டியால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் ஹேர் டிரையரால் இரண்டு பக்கமும் சூடுகாட்டிச் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டால் இம்மியும் நகர்த்த முடியாது. ஒரு நாள் முழுக்க அப்படியே கிடக்கட்டும்.

அரசலாற்றங்கரை:

ரப்பர் வந்துவிட்டது. இன்று காலை பெரியவரிடம் கொண்டுபோனேன். மிச்சத் துண்டு ஒன்றை வாங்கித் தன் கல் மேல் போட்டுப் பார்த்தார். செருப்புக்குப் போடுகிற எம்.சி.ஆர். ரப்பர் துண்டையும் பக்கத்தில் போட்டார். அது துள்ளியது, இது விழுந்த இடத்திலேயே கிடந்தது. "செத்த ரப்பரா இருக்கே, இதுக்கா இவ்வளவு காசு?" என்றார். அப்புறம் அந்தத் துண்டைக் கட்டைவிரலால் கல் மேல் அழுத்தி இழுத்துப் பார்த்தார். இழுபடவில்லை. அதற்குப் பிறகு டயர் பேச்சே எடுக்கவில்லை. தையல் பேச்சு மட்டும் மூன்று தடவை வந்தது.

இரண்டு காலும் முடிந்துவிட்டது. நானூறு கொடுத்தேன், முந்நூறு போதும் என்றார். அடுத்த வாரம் பாதாமி.

அரசலாற்றங்கரை:

பாதாமியிலிருந்து வந்துவிட்டேன். இடது கால் அருமை. வலது கால் இரண்டாம் நாளே முனையில் வாய் பிளந்துவிட்டது. விரல் நுழைகிற அளவுக்குப் பிரிந்திருக்கிறது. ஒரே கை, ஒரே ரப்பர், ஒரே டப்பா சொல்யூஷன். ஒன்று நின்று ஒன்று மட்டும் எப்படிப் போகும்?

வெண்ணாறு:

மறுபடி ஒட்டுவதற்கு முன்னால், பிரிந்த வாயை விரித்துப் பாருங்கள். சொல்யூஷன் எந்தப் பக்கம் தங்கியிருக்கிறது? எல்லாம் ஷூவில் இருந்து புது ரப்பர் பளபளவென்று இருந்தால், ரப்பரைச் சரியாக ராவவில்லை. எல்லாம் ரப்பரோடு வந்திருந்தால், ஷூவில் பழைய பிசின் போகவில்லை. இரண்டு பக்கமும் இருந்தால் கதை வேறு.

அரசலாற்றங்கரை:

இரண்டு பக்கமும் இருக்கிறது அக்கா. மேலே லேசாக வெள்ளை பூத்த மாதிரி ஒரு மங்கல்.

குடமுருட்டி:

அன்றைக்கு மழையா?

அரசலாற்றங்கரை:

ஐப்பசி அடைமழை அண்ணா. இடது காலை ஒட்டும்வரை வானம் வெறித்திருந்தது. வலதுக்கு இரண்டாவது பூச்சு தடவும்போது பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்குள் ஒதுங்கினோம். ஹேர் டிரையரை டீக்கடையில் சொருகியிருந்தேன், கரண்டும் போய்விட்டது. காய்ந்துதானே இருக்கிறது என்று அப்படியே சேர்த்துவிட்டோம். உண்மையைச் சொன்னால், பாதாமி டிக்கெட் போட்டிருந்ததால் அவசரப்படுத்தினது நான்தான். அவர் நாளைக்கு வாங்க என்றுதான் சொன்னார்.

வெண்ணாறு:

அதுதான். சொல்யூஷனில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பூச்சு குளிர்ந்துவிடும். மழைக்காற்றில் இருக்கிற ஈரம் அதன் மேல் படிந்து வெள்ளை பூக்கும். அதற்கு மேல் சூடும் காட்டவில்லை. இரண்டு பூச்சும் தனித்தனியே பிடித்திருக்கின்றன, ஒன்றையொன்று பிடிக்கவில்லை. பெரியவர் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

முழுதும் பிரிக்க வேண்டாம். பிடித்திருக்கிற இடம் வரை விட்டுவிட்டு, பிரிந்த வாயை உப்புத்தாளால் தேய்த்து அந்த மங்கலை எடுத்துவிட்டு, மறுபடி இரண்டு பூச்சு. வெயில் அடிக்கிற நாளாகப் பாருங்கள். அதுவரை தெருவில் போட்டு நடக்காதீர்கள், மண் உள்ளே போனால் கெட்டது.

அரசலாற்றங்கரை:

தை பிறந்து முதல் வாரம் செய்தோம். இந்தத் தடவை எங்கள் வீட்டுத் திண்ணையில், நல்ல வெயிலில். பெரியவர் ஹேர் டிரையரை நம்பவில்லை. இஸ்திரி வண்டியிலிருந்து கரிப்பெட்டியை வாங்கிவந்து நாலு விரல் தள்ளிப் பிடித்துச் சூடு காட்டினார். சேர்த்த பிறகு சுத்தியலின் பின்பக்கத்தால் நடுவிலிருந்து விளிம்புக்குத் தட்டிக்கொண்டே போனார். கால் மணி நேரம் தட்டியிருப்பார்.

குடமுருட்டி:

கரிப்பெட்டி காய்ந்த பூச்சுக்குச் சரி. ஈரமாக இருக்கும்போது பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், கரைப்பான் குப்பென்று பிடித்துவிடும்.

அரசலாற்றங்கரை:

அவருக்குத் தெரிந்திருக்கிறது அண்ணா. காயும்வரை பெட்டியைத் தெருவில் வைத்திருந்தார். ஹம்பியில் மூன்று நாள் ஏறிவிட்டு நேற்று வந்தேன், இரண்டு காலும் அப்படியே இருக்கின்றன. காட்டப் போனேன். பார்த்துவிட்டு, "ஒரு தையல் போட்டுரட்டுமா, எதுக்கும் இருக்கட்டும்" என்றார்.

கொள்ளிடக்கரை:

நான் திருச்சி. எனக்கும் இரண்டு ஜோடி கிடக்கிறது, ரப்பர் கைவசம் இருக்கிறது. ஒன்றில் ரேண்டிலும் சின்ன ஓட்டை. கொண்டுவந்தால் செய்வாரா?

அரசலாற்றங்கரை:

ஓட்டை இல்லாததை முதலில் கொண்டுவாருங்கள். மற்றதை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள், முடியாதென்றால் முடியாது என்று சொல்லிவிடுவார். மணல் காலுறையை என்னிடம் வாங்கிக்கொள்ளலாம். வானம் மூடியிருந்தால் மட்டும் பஸ் ஏறாதீர்கள், இப்போதெல்லாம் தூறல் போட்டாலே அவர் சொல்யூஷன் டப்பாவைத் திறப்பதில்லை.