பொருள்: அடைவுவழி அடையாளச் சரிபார்ப்பு – கலைச்சொல் முன்மொழிவு

வணக்கம் நண்பர்களே,

ஜாங்கோ என்ற வலைச்செயலிக் கட்டமைப்பில், எல்டாப் (பயனர் விவரங்கள் உள்ள சர்வரை அணுகும் நெறிமுறை) வழியாகப் பயனர்களை உள்ளே விடும் தொகுதியைத் தமிழாக்கும் வேலை 'டைரக்டரி ஆதன்டிகேஷன்' என்ற தொடரிலேயே நின்றுபோயிருக்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள்: கோப்பக அங்கீகாரம், விவரத்திரட்டுச் சான்றுறுதி, அடைவுவழி அடையாளச் சரிபார்ப்பு. நான் கடைசியில் உள்ளதன் பக்கம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

> அங்கீகாரம் எல்லாருக்கும் தெரிந்த சொல். ஏன் மாற்ற வேண்டும்?

தெரிந்த சொல்தான். ஆனால் ஆதன்டிகேஷன் (ஆள் அவர்தானா என்று பார்ப்பது), ஆதரைசேஷன் (அவர் எதையெல்லாம் செய்யலாம் என்று பார்ப்பது) இரண்டுக்குமே அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். பேச்சில் சமாளித்துவிடலாம், எல்டாப் அமைப்புப் பக்கத்தில் முடியாது. பயனர் தன் பெயரைத் தந்ததும் நிரல் முதலில் சர்வரில் அவருடைய பதிவைத் தேடுகிறது. கிடைத்த பதிவின் முழுப்பெயரையும் (சர்வரில் அந்தப் பதிவைத் தனித்துக் காட்டும் பெயர்) அவர் தந்த கடவுச்சொல்லையும் வைத்து 'பைண்ட்' என்ற கோரிக்கையை அனுப்பிப் பார்க்கிறது. ஆள் அவர்தானா என்பது அதோடு தெரிந்துவிடும். அவர் நிர்வாகப் பக்கத்தைத் திறக்கலாமா என்பது வேறு கேள்வி. அதற்குக் குழுப் பதிவுகளைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், 'அங்கீகாரம் பெற்ற அனைவரும்' என்ற தெரிவை ஒரு நிர்வாகி எப்படிப் படிப்பார்? கடவுச்சொல் சரியாக இருந்த எல்லோருமா, குறிப்பிட்ட குழுவில் இருப்பவர்கள் மட்டுமா? தவறாகப் படித்தால், அடைவில் பெயருள்ள ஒவ்வொருவருக்கும் கதவு திறந்துவிடும். அதனால் முதல் வேலைக்கு 'அடையாளச் சரிபார்ப்பு', இரண்டாவதற்கு 'அனுமதி'. முதல் சொல் நீளம்தான், ஆனால் நடப்பதை அப்படியே சொல்கிறது.

'சான்றுறுதி' கச்சிதமான சொல். வேறு இடத்தில் நானே பயன்படுத்துவேன். இங்கே அதே பக்கத்தில் டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கிப் பாதுகாக்கும் முறை) சான்றிதழ் அமைப்புகளும் வருவதால் கண் குழம்பும்.

> கணினியில் அடைவு என்றால் கோப்பு வைக்கும் இடம். மறுபடியும் அதே சொல்லா?

நியாயமான கேள்வி. கோப்பு வைக்கும் இடத்துக்குக் கோப்புறை, கோப்பகம் என்ற சொற்கள் இருக்கின்றன. அடைவோ கணினிக்கு முன்பே நம்மிடம் இருப்பது: சொல்லடைவு, பொருளடைவு. தேடி எடுப்பதற்காக ஒழுங்குபடுத்தி வைத்த குறிப்புகள் என்பதே அதன் பொருள். எல்டாப் சர்வரில் இருப்பதும் அதுதான். மரம்போல் கிளைத்த பதிவுகள், எப்போதாவது திருத்தப்படும், ஓயாமல் தேடப்படும். 'பயனர் பட்டியல்' என்று எளிமையாக்கவும் முடியாது. குழுக்கள், கணினிகள், அச்சுப்பொறிகள் என்று எல்லாமே அந்த மரத்தில் இருக்கலாம். 'விவரத்திரட்டு' என்றதும் எனக்குத் தொலைபேசி எண் புத்தகம்தான் நினைவுக்கு வருகிறது, இணையத்தில் 'திரட்டி'க்கு வேறு பொருளும் நிலைத்துவிட்டது.

எல்டாப் என்ற பெயரையே 'இலகு அடைவு அணுகல் நெறிமுறை' என்று விரிக்கலாமே என்றும் ஒருவர் கேட்டிருந்தார். அந்த 'இலகு' 1988-இல் வந்த எக்ஸ்.500 என்ற அடைவுத் தரத்தின் கனமான அணுகல் நெறிமுறையோடு ஒப்பிட்டு வைத்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அதற்கு மெலிந்த மாற்று ஒன்றை உருவாக்கினார்கள், 1993-இல் அது ஆர்எஃப்சி என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளிவந்தது. இன்று அமைப்புப் பக்கத்தைத் திறப்பவருக்கு எதைவிட இலகு என்பது தெரியாது. எல்டாப் என்றே விடுவோம். விரிவை உதவிப் பக்கத்தில் ஒருமுறை சொன்னால் போதும்.

அப்புறம், எனக்கு மிக முக்கியமாகப் படுவது 'பைண்ட்'. இதை 'உள்நுழைவு' என்று மொழிபெயர்க்கலாம் என்ற யோசனையை ஏற்கவே கூடாது. ஒரு இணைப்போடு ஒரு அடையாளத்தைச் சேர்ப்பதுதான் பைண்ட். பெயரைத் தந்து கடவுச்சொல்லை வெறுமையாக விட்டால், சில சர்வர்கள் அதை அநாமதேயக் கோரிக்கையாக எடுத்துக்கொண்டு 'வெற்றி' என்றே பதில் தரும். எல்டாப் தரத்திலேயே இந்த ஆபத்தைச் சொல்லி, வெற்றுக் கடவுச்சொல்லைச் செயலி தன் பக்கத்திலேயே மறுக்க வேண்டும் என்று எச்சரித்திருக்கிறார்கள். பதிவேட்டில் 'உள்நுழைவு வெற்றி' என்று எழுதிவைத்தால், பின்னால் ஆராய்பவர் அந்தப் பயனரே வந்துபோனதாக நம்பிவிடுவார். 'பிணைப்பு வெற்றி' என்றால் நடந்ததற்கு மேல் ஒன்றும் சொல்லாது. 'பிணை' என்று தனியாகப் போட வேண்டாம், அது ஜாமீனைக் குறிக்கும். பிணைப்பு, பிணைத்தல் போதும்.

பிழைச் செய்திகளையும் இப்போதே முடிவு செய்துவிடலாம். தேடலில் பதிவே கிடைக்காவிட்டாலும், பிணைப்பு 49 என்ற பிழைக் குறியீட்டோடு (தந்த பெயரோ கடவுச்சொல்லோ செல்லாது என்று பொருள்) தோற்றாலும், பயனர் பார்ப்பது ஒரே வரியாக இருக்கட்டும்: 'பயனர் பெயரோ கடவுச்சொல்லோ சரியில்லை.' 'இப்படி ஒரு பயனர் இல்லை' என்று நட்போடு எழுதினால், யாருடைய பெயரெல்லாம் அடைவில் இருக்கிறது என்று வெளியாள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துவிடுவார். சர்வரையே எட்ட முடியாதபோது மட்டும் வேறு வரி: 'அடைவுச் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, சற்று நேரம் கழித்து முயலுங்கள்.' கடவுச்சொல் தவறு என்று நினைத்து அதை மாற்றிக்கொண்டிருக்க வேண்டிய நிலை அவருக்கு வராது.

இந்தச் சொற்களோடு மொழிபெயர்ப்புக் கோப்பைத் திருத்தத் தொடங்குகிறேன். 'பிணைப்பு'க்கு ஆட்சேபம் இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள், அது வரும் வரிகளைக் கடைசியாகத்தான் தொடுவேன்.

அன்புடன்